அப்பாகிட்ட நீயே கேளு!

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை காதலில் விழுந்துவிடுமோ என்பதுதான் நம் வீடுகளின் நிரந்தரக் கவலை. அதனால் "லவ், கல்யாணம் எல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது" என்று ஒரு பிளஸ் டூ மாணவி சொன்னால், பொறுப்பான பெண் என்று மெச்சிக்கொள்கிறோம். அப்பாவும் அம்மாவும் விவாகரத்துக் கேஸுக்காக வாய்தா வாய்தாவாக அலையும் வீட்டுப் பெண் அதைச் சொன்னாலும் அதே மெச்சல்தான். அவள் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தாள் என்று யாரும் கேட்பதில்லை.

அவள் பார்ப்பது இது. வீட்டை எதிர்த்துக் காதல் கல்யாணம் செய்துகொண்ட இருவர், ஒரே வீட்டுக்குள் மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். பேச வேண்டியதெல்லாம் அவள் வழியாகப் போகிறது. "டியூஷன் ஃபீஸ் கட்டணும்னு அப்பாகிட்ட நீயே கேளு." "உங்கம்மா யார்கிட்ட இவ்வளவு நேரம் போன் பேசறா?" போதாக்குறைக்கு, "உனக்காகத்தான் எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு இருக்கேன்" என்ற வசனம் வேறு. தியாகமாகச் சொல்லப்படுவது அவள் காதில் கடனாக விழுகிறது. அன்பு என்றாலே பின்னால் ஒருநாள் கணக்குக் கேட்பார்கள் என்று அவள் புரிந்துகொண்டால், அதில் பிழை சொல்ல முடியுமா?

ஜூடித் வாலர்ஸ்டீன் என்ற அமெரிக்க உளவியலாளர், கலிஃபோர்னியாவில் பெற்றோர் பிரிந்த 131 பிள்ளைகளை 1970-களின் தொடக்கத்திலிருந்து கால் நூற்றாண்டு பின்தொடர்ந்தார். வசதியான ஒரு பகுதியின் சில குடும்பங்களை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்கிறார் என்ற விமர்சனம் அவர்மேல் உண்டு. ஆனால் அவர் கவனித்த ஒன்றைத் தள்ளிவிட முடியாது: பிரிவின் அடி சிறுவயதில் அடங்கிக் கிடந்து, தானே ஒருவரைக் காதலிக்கும் வயதில்தான் தலை தூக்குகிறது. இன்னொரு ஆய்வாளரான மேவிஸ் ஹெதரிங்டன், பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே தேறிவிடுகிறார்கள் என்றார். இருவரும் சொல்வது உண்மையாக இருக்கலாம். படித்து, வேலைக்குப் போய், எல்லாரிடமும் சிரித்துப் பேசியபடியே, ஒருவரை மட்டும் நெருங்கவிடாமல் இருக்க முடியும். (இதே வீடுகளிலிருந்து, முதலில் நீண்ட கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும் பிள்ளைகளும் உண்டு. அது தனிக் கதை.)

சட்டம் பிள்ளையை மறந்துவிடவில்லை. தெளிவாகச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ம் ஆண்டின் காப்பாளர், காப்பில் உள்ளோர் சட்டமே சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீதிபதி தனியறையில் ஒருமுறை கேட்கப்போகும் கேள்விக்கு, பாட்டி, அத்தை, மாமா என்று ஆளாளுக்குப் பல மாதங்கள் ஒத்திகை நடத்துகிறார்கள். "நீ யார் பக்கம்?" என்று கல்யாணப் பந்தியில்கூடக் கேட்கிறார்கள். பிள்ளை வளர்ப்பைப் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யலாம் என்று சட்ட ஆணையம் 2015-ல் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது அறிக்கையாகவே கிடக்கிறது.

பெற்றோர் பிள்ளையைச் சந்திக்க நீதிமன்ற வளாகங்களில் ஒதுக்கும் அறை, பெரும்பாலும் பொம்மைகளும் கார்ட்டூன் சுவருமாகச் சின்னக் குழந்தைகளுக்கானது. அரும்புமீசைப் பையன் அங்கே குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மொபைலை நோண்டுகிறான். எதிரில் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்தபடி அப்பா. இருவருக்கும் பேச வேறு என்னதான் இருக்கும், வழக்கைத் தவிர?

அந்தப் பெண்ணின் தயக்கத்தைக் கவுன்சலிங் கொடுத்துக் கரைக்க வேண்டும் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்த்ததை வைத்து எச்சரிக்கையாக இருக்கிறாள், அவ்வளவுதான். தூக்கம் கெட்டால், படிப்பு சரிந்தால், தன்னையே நொந்துகொண்டால் கட்டாயம் உதவி வேண்டும். மற்றபடி காதலை நம்புவதா என்பதை அவள் தன் வேகத்தில் முடிவு செய்துகொள்ளட்டும். மாற வேண்டியது அவள் பார்க்கும் காட்சி. பிரிவதைவிட, பிரியாமலே அவளைத் தூது விடுவதுதான் கொடுமை. பிள்ளையைச் சந்திப்பது எந்த ஞாயிறு, எத்தனை மணி, எந்த இடம் என்றெல்லாம் சமரச ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, ஊர்ப் பயணம் எதுவானாலும் பெற்றோர் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும், பிள்ளை மூலம் கேட்கக் கூடாது என்று அதிலேயே ஒரு வரி சேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.