பாட்டியோ முறை: பெயர் சொல்வதும் சொல்லாததும்

வெள்ளியின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு ‘பாட்டியோ முறை’ என்ற பெயர் அடிக்கடி எதிர்ப்படும். பாதரசத்தைக் கொண்டு தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் பழைய முறை என்று பல நூல்கள் ஒரே வரியில் விளக்கிவிடுகின்றன. தவறில்லை, ஆனால் பாதி விளக்கம்தான். பாதரசத்தைப் பல ஊர்களில் பல விதமாகப் பயன்படுத்தினார்கள். அவற்றில் ஒரு விதம் மட்டுமே பாட்டியோ.

ஸ்பானிய மொழியில் பாட்டியோ என்றால் முற்றம். மெக்சிகோவின் வெள்ளி ஆலைகளில் கல் பாவிய பரந்த முற்றம் இருக்கும். மாவாக அரைத்த தாதுவை நீர்விட்டுச் சேறாக்கி அங்கே தட்டையாகப் பரப்புவார்கள். உப்பைக் கலப்பார்கள். ‘மஹிஸ்த்ரால்’ எனப்பட்ட வறுத்த செம்புத் தாதுவைச் சேர்ப்பார்கள். கடைசியில் பாதரசத்தைத் துணிப்பையில் இட்டுப் பிழிந்து மேலே தூவுவார்கள். பிறகு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், வெயிலில் கிடக்கும் அந்தச் சேற்றை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மனிதர்கள் வெறுங்காலோடு மிதித்தார்கள்; கோவேறு கழுதைகள் பின்னால் வந்தன.

பக்குவம் பார்ப்பவருக்கு ‘அசோகேரோ’ என்று பெயர். ஒரு பிடிச் சேற்றைச் சுரைக்குடுவையில் அலசி, அடியில் தங்கும் பாதரசத்தின் நிறத்தைப் பார்ப்பார். கறுத்துச் சிதறியிருந்தால் சேறு ‘சூடாகிவிட்டது’ என்று சுண்ணாம்பு சேர்க்கச் சொல்வார். மாறாமல் பளபளத்தால் ‘குளிர்ந்திருக்கிறது’, இன்னும் மஹிஸ்த்ரால் வேண்டும். வேதியியல் பாடம் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே கண்ணால் பழகிய அறிவு இது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.

பாதரசம் வெள்ளியை நேராக இழுத்துக்கொள்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. தாதுவில் தனி உலோகமாக வெள்ளி இருந்தால் அது சரி. ஆனால் பெரும்பாலும் அது கந்தகத்தோடு பிணைந்திருக்கும். உப்பும் செம்பும் சேர்ந்து அதை வெள்ளி குளோரைடாக மாற்றும். பாதரசத்தில் ஒரு பகுதி குளோரினை எடுத்துக்கொண்டு வெள்ளியை விடுவிக்க, விடுபட்ட வெள்ளி மிச்சப் பாதரசத்தில் கரைந்து இரசக்கலவையாகும். குளோரினை எடுத்த பாதரசமோ கலோமலாகிக் கழிவுச் சேற்றோடு போய்விடும். வேதிக் கணக்குப்படி, குளோரைடிலிருந்து ஒரு கிலோ வெள்ளியை விடுவிக்க ஏறத்தாழ 1.86 கிலோ பாதரசம் இப்படி அழியும். எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் இந்த இழப்பைத் தவிர்க்க முடியாது. ஸ்பெயினின் அல்மாடென், பெருவின் உவான்காவெலிகா ஆகிய பாதரசச் சுரங்கங்களை ஸ்பெயின் அரசு கைக்குள் வைத்துக்கொண்டதற்கு இது முக்கியக் காரணம். பாதரசம் இல்லையென்றால் வெள்ளியும் இல்லை.

இந்தத் தொழிலை மெக்சிகோவில் தொடங்கியவர் பார்த்தொலோமே தெ மெதினா. செவில் நகரத்து வணிகர். 1554இல் பச்சூக்காவில் வெற்றி கண்டார். ஸ்பெயினில் ஒரு ஜெர்மானியரிடம் விஷயத்தைக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஜெர்மானியருக்குக் கடல் தாண்ட அனுமதி கிடைக்கவில்லை. 1570களில் பாதரச முறை இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசிக்கும் போனது. சுமார் 4,000 மீட்டர் உயரத்துக் குளிரில் திறந்த முற்றம் உதவாது. ஆகவே அங்கே கல்தொட்டிகளில் கலந்தார்கள், தொடக்கத்தில் அடியில் நெருப்பும் மூட்டினார்கள். பொத்தோசி வெள்ளியையும் பாட்டியோ வெள்ளி என்று எழுதுவது இதனால்தான் பொருந்தாது.

தாதுவிலிருந்து உலோகத்தைக் கரைத்தெடுக்கும், கிளாஸ்கோவில் 1887இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பச்சூக்காவுக்கு வந்தபின் முற்றங்கள் ஓய்ந்தன. அந்தப் புதிய முறைக்காக அங்கே நிறுத்திய உயரமான தொட்டிகளில், அடியிலிருந்து காற்றைச் செலுத்திச் சேற்றைக் கலக்கினார்கள். நியூசிலாந்தில் உருவான அந்தத் தொட்டிக்கு ‘பச்சூக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனிய ஆலையிலும் தாதுவைக் கரைக்கும் தொட்டிக்கு அதே பெயர்தான்.