கல்லுக்கும் விசாரணை உண்டு

உலகில் உயிர் எப்படித் தோன்றிற்று என்று கேட்டால் நமது வைதீகர்கள் புராணத்தைக் காட்டுவார்கள். அதற்கு ருசு என்னவென்றால் நாஸ்திகன் என்பார்கள். விஞ்ஞானிகளோ கல்லைக் காட்டுகிறார்கள். அக்கல்லையும் சும்மா விடுவதில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷார்க் பே என்னும் கடற்கரையில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இன்றும் கூட்டங்கூட்டமாய்ப் பசைபோல் படர்ந்து, மணலைப் பிடித்து, அடுக்கின்மேல் அடுக்காகக் கல்லை வளர்த்து வருகின்றன. வருஷத்திற்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத இக்கல்லுக்கு ஸ்ட்ரோமடோலைட்டு என்று பெயர். அந்நாட்டிலேயே பில்பாராப் பகுதியில் சுமார் 343 கோடி வருஷத்திய அடுக்குக் கற்கள் இருக்கின்றன. அவையும் உயிர்களின் வேலையே என்று அபிகெயில் ஆல்வுட் என்ற அம்மையாரும் அவரது கூட்டாளிகளும் 2006ல் காரணங்களோடு எழுதினார்கள்.

2016ல் வேறு சிலர், கிரீன்லாந்தில் 370 கோடி வருஷத்திய ஸ்ட்ரோமடோலைட்டைக் கண்டதாக ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். இன்னும் பழையதாயிற்றே என்று அம்மையார் கும்பிடு போட்டாரா? இல்லை. நேரில் போய்ப் பார்த்து, அது பூமியின் அழுத்தத்தால் பாறை நசுங்கி மடிந்த உருவமே என்று 2018ல் அதே பத்திரிகையில் மறுத்தெழுதினார். முன்னவர்களும் தங்கள் கட்சியை விடாமல் பதில் எழுதினார்கள். ஆனால், யாரும் யாரையும் பாபி என்று சபிக்கவில்லை. சாதியை விட்டுத் தள்ளவுமில்லை.

தோழர்களே! பழமை என்பதற்காக ஒரு கல்லைக்கூட அறிவுலகம் விசாரியாமல் ஒப்புவதில்லை. அப்படியிருக்க, பிரமன் முகத்தில் ஒருவன் பிறந்தான், காலில் ஒருவன் பிறந்தான் என்பதை மட்டும், பழமை ஒன்றையே ருசுவாகக் கொண்டு நாம் ஏன் ஒப்ப வேண்டும்?