கிட் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

ஃபைனல் இயர் வந்தாச்சு. டைட்டில் கேட்டு ஹெச்.ஓ.டி. துரத்துறார். நாலு பேர் கேன்டீனில் உட்கார்ந்து எட்டு டீ குடிச்சு யோசிச்சதில், வருஷா வருஷம் எல்லா பேட்ச்சும் வந்து நிற்கிற இடத்துக்கு நீங்களும் வந்துட்டீங்க... “ஆர்.எஃப்.ஐ.டி. வெச்சு ஏதாவது பண்ணலாம் மச்சி!”

தப்பே இல்லை. டோல்கேட்டில் கார் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக், மெட்ரோ ரயில் கார்டு, லைப்ரரி புத்தகத்துக்குள் ஒளிஞ்சிருக்கும் ஸ்டிக்கர் எல்லாமே இந்தக் குடும்பம்தான். டேகில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையில் இருந்தே கரன்ட்டை எடுத்துக்கிட்டு, தன் நம்பரைத் திருப்பிச் சொல்லும். அட்டகாசமான டெக்னாலஜி!

ஆனால், டைட்டில் ஓகே ஆன கையோடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடி, “அண்ணே, ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. கிட் குடுங்க”ன்னு கேட்கிறோமே... அங்கேதான் சிக்கல் ஆரம்பம். அது, மெடிக்கல் ஷாப்பில் போய் “ஒரு மாத்திரை குடுங்க”ன்னு கேட்கிற மாதிரி. எதுக்குன்னு சொல்ல வேண்டாமா?

எவ்வளவு தூரம்?

முதல் கேள்வி இதுதான். பதிலைப் பொறுத்து கிட் மூணு ஜாதி.

125 கிலோ ஹெர்ட்ஸ்: சில சென்டிமீட்டர் தூரம். கடைகளில் கிடைக்கும் இ.எம்.-18 மாட்யூல் இந்த ரகம். கார்டைக் காட்டினால் 12 எழுத்தை சீரியல் போர்ட் வழியா அனுப்பும். அவ்வளவுதான். கார்டில் எதையும் எழுத முடியாது. கதவு திறக்கிற சின்ன டெமோவுக்குப் போதும்.

13.56 மெகா ஹெர்ட்ஸ்: இதுவும் கிட்டத்தில்தான், ஆனால் கார்டில் டேட்டா எழுதலாம். எல்லோரும் வாங்கும் ஆர்.சி.522 போர்டு இதில் வரும். சில நூறு ரூபாய்க்குள் முடிஞ்சிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: அது 3.3 வோல்ட் போர்டு. ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் செருகிட்டு, “சார், மாட்யூல் ஃபால்ட்டி”ன்னு சொல்லக் கூடாது!

யு.ஹெச்.எஃப்.: மீட்டர் கணக்கில் தூரம். ஃபாஸ்டேக் இந்த ரகம். விலையும் பல ஆயிரங்களுக்குப் போகும். இங்கே ஒரு பொறி இருக்கு. அமெரிக்காவில் இதற்கான அலைவரிசை 902 - 928 மெகா ஹெர்ட்ஸ். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 865 - 868தான். வெளிநாட்டு கிட்டை அப்படியே ஆன் பண்ணினால், நம்ம ஊர் செல்போன் அலைவரிசையில் போய் மூக்கை நுழைக்கும். ‘இந்தியா’ செட்டிங் இருக்கா, கூட வர்ற ஆன்டெனா அதற்கு ஒத்து வருமா... ரெண்டையும் பார்த்துட்டுத்தான் காசை எடுக்கணும்.

ஒரே அலை... வேற பாஷை!

லைப்ரரி புராஜெக்ட் பண்ற டீம் கவனிங்க. லைப்ரரி டேகும் 13.56, ஆர்.சி.522-வும் 13.56. வாங்கிட்டு வந்து புத்தகத்து மேல வெச்சா... பேச்சு மூச்சே இருக்காது. காரணம், லைப்ரரி டேகுகள் பெரும்பாலும் பேசுவது ஐ.எஸ்.ஓ. 15693. ஆர்.சி.522-வுக்குத் தெரிஞ்சது ஐ.எஸ்.ஓ. 14443ஏ மட்டும். ஒரே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும், பாஷை தெரியாட்டா எப்படிப் பேசுவாங்க?

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.ஆர்.எஃப்.7970ஏ மாதிரி சிப் வெச்ச கிட்டுக்கு ரெண்டு பாஷையும் தெரியும். ஆக, முதலில் டேகை முடிவு பண்ணுங்க. அப்புறம் அதைப் படிக்கத் தெரிஞ்ச ரீடர். நம்ம ஆட்கள் இதைத்தான் தலைகீழா பண்றாங்க.

இவாலுவேஷனா, டெவலப்மென்ட்டா?

ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க. பொதுவா, இவாலுவேஷன் கிட் என்பது பொண்ணு பார்க்கிற படலம். சிப் எப்படி, எவ்வளவு தூரம் படிக்குதுன்னு கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் வெச்சு காட்டும். டெவலப்மென்ட் கிட் என்பது குடித்தனம். சோர்ஸ் கோடு, சர்க்யூட் படம், ஆன்டெனா டிசைன் எல்லாம் கூட வரணும். சில கம்பெனிகள் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் போடுவாங்க. பெட்டி மேல இருக்கிற பேரைப் பார்க்காமல், உள்ளே என்ன தர்றாங்கன்னு பாருங்க. சோர்ஸ் கோடு இல்லாட்டா அழகான டெமோ காட்டலாம். உங்க கோடு ஒரு வரி கூட உள்ளே போகாது.

பெட்டி மேல 16 அடி

எம்6இ நேனோ மாட்யூல் வெச்ச ஸ்பார்க்ஃபன் போர்டை எடுத்துக்குங்க. ஒரு செகண்டில் 150 டேக் வரை படிக்கும். 16 அடி தூரம்னு போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனால், அது வெளி ஆன்டெனாவுக்கு. போர்டில் இருக்கிற ஆன்டெனாவுக்கு ஒண்ணு ரெண்டு அடிதான். பெட்டி விலையில் ஆன்டெனா விலையையும் கூட்டிப் பார்க்கணும் பாஸ்.

அடுத்து, உலோகம், தண்ணீர் ரெண்டும் யு.ஹெச்.எஃப்.புக்கு வில்லன்கள். இரும்பு பீரோ மேல சாதா டேக் ஒட்டினால் படுத்துடும். தனியா ‘ஆன் மெட்டல்’ டேக் வாங்கணும். மனுஷ உடம்பிலும் தண்ணீர்தானே! டேகைச் சட்டைப் பையில் போட்டால் தூரம் சடார்னு குறையும். அதனால, நீங்க பயன்படுத்தப் போற இடத்திலேயே 100 தடவை படிச்சுப் பார்த்து, எத்தனை தடவை விட்டுச்சுன்னு குறிச்சு வைங்க. ரிப்போர்ட்டில் அந்த ஒரு டேபிள், பத்து பக்க தியரிக்குச் சமம்.

பூட்டு நிஜமா?

இதுதான் முக்கியமான மேட்டர். அட்டெண்டன்ஸ், ஹாஸ்டல் கேட், கேன்டீன் காசு... இதெல்லாம் அடுத்தவங்க சமாச்சாரம். 125 கிலோ ஹெர்ட்ஸ் கார்டு தன் நம்பரை யார் கேட்டாலும் சொல்லும். அதைக் காப்பி அடிக்க வெற்றுக் கார்டு சுலபமா கிடைக்கும். மைஃபேர் கிளாசிக் கார்டில் பூட்டு உண்டு. ஆனால், அந்தப் பூட்டின் ரகசியத்தை 2008-லேயே நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆட்கள் உடைச்சுட்டாங்க. தயாரிப்பாளரான என்.எக்ஸ்.பி. கோர்ட்டுக்குப் போயும், ஆய்வை வெளியிடத் தடை கிடைக்கலை. ஆர்.சி.522 கூட இலவசமா வர்ற வெள்ளைக் கார்டு பெரும்பாலும் அதே ரகம்தான்!

டெமோவுக்கு அது ஓகே. நாளைக்கே உங்க காலேஜ், “நல்லாயிருக்கே, ஹாஸ்டலில் மாட்டிடலாம்”னு சொன்னா? அப்போ டெஸ்ஃபயர் மாதிரி ஏ.இ.எஸ். பூட்டு உள்ள கார்டு, அதைக் கையாளத் தெரிஞ்ச கிட் வேணும். இல்லேன்னா, “இது டெமோ மட்டும்தான் சார்”னு நேர்மையா சொல்லிடுங்க. அதுவும் இன்ஜினீயர் வேலைதான்.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. “ஏம்ப்பா இந்த கிட்டை எடுத்தீங்க?” சீனியர்ஸ் அதைத்தான் வாங்கினாங்கன்னு சொன்னால் கதை கந்தல். தூரம், டேக், பாஷை, இடம், பூட்டுன்னு அஞ்சு விரலை மடக்கிச் சொல்லிப் பாருங்க... எக்ஸ்டர்னலே நிமிர்ந்து உட்காருவார்!