முரசு கரைவது முதுமையால் அல்ல

பல் துலக்கித் துப்பும்போது இரத்தம் கலந்து வந்தால் நம்மவர்களிடம் மூன்று விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. உடம்புச் சூடு, தூரிகை முரடு, வயது போய்விட்டது. மூன்றாவது விளக்கத்தை 30 வயதுக்காரரும் சொல்கிறார் என்பதுதான் வேடிக்கை. காலில் ஆணி குத்தினால் அன்றே ஏற்பூசி போட ஓடும் மனிதர், வாயில் மாதக்கணக்காக இரத்தம் கசிவதைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போகிறார்.

ஈழத்தில் முரசு என்றும் தமிழகத்தில் ஈறு என்றும் வழங்கும் அந்தத் தசை ஆரோக்கியமாக இருக்கும்வரை மென்மையான தூரிகை பட்டு இரத்தம் சிந்துவதில்லை. சிந்தினால் அங்கே பெரும்பாலும் அழற்சி இருக்கிறது. இதற்கான சான்று 1965 இலேயே வெளிவந்துவிட்டது. நோர்வேயைச் சேர்ந்த பல்வைத்திய அறிஞர் ஹரால்ட் லோவும் அவரது சகாக்களும் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் முரசு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது அடங்கியது. பல்லும் முரசும் சேரும் விளிம்பில் படியும் கிருமிப் படலமே காரணம் என்பதும், ஆரம்ப நிலையில் நோய் முற்றாக மீளக்கூடியது என்பதும் அன்றே தெளிவாயின. சூட்டுக்கும் வயதுக்கும் அங்கே வேலையில்லை.

அதே லோ அடுத்துச் செய்ததுதான் நமக்கு நெருக்கமான கதை. கவனிக்காமல் விட்டால் இந்நோய் எப்படி முற்றுகிறது என்று அறிய, 1969 இல் ஒஸ்லோவில் மாணவர்களையும் கல்விமான்களையும் கொண்ட ஒரு குழுவைத் தேர்ந்தார். ஒப்பிடுவதற்கு 1970 இல் இலங்கையின் மலைநாட்டுக்கு வந்தார். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 தமிழ் ஆண்கள் அந்த ஆய்வின் மறுபாதி ஆனார்கள். தூரிகை பழக்கமில்லாதவர்கள், பல்வைத்தியம் எட்டாதவர்கள் என்பதே அவர்களுக்கு இருந்த தகுதி. 1948 இன் சட்டத்தால் குடியுரிமை இழந்த சமூகம் அது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றப்பட்ட காலமும் அதுவே. 1985 இல் மீண்டும் பரிசோதித்தபோது 161 பேரே எஞ்சியிருந்தனர்.

1986 இல் வெளியான முடிவுகள் இன்றும் உலகெங்கும் பல்வைத்திய மாணவர்களின் பாடம். அவர்களிடம் சூத்தைப்பல் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் முரசு அழற்சி எங்கும் இருந்தது. 11 வீதத்தினருக்கு நோய் அந்த அழற்சியோடு நின்றது. 81 வீதத்தினருக்கு மெதுவாக எலும்பை நோக்கி இறங்கியது. அவர்கள் 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். மிகுதி 8 வீதத்தினரோ 35 வயதில் 12 பற்களையும் 40 இல் 20 பற்களையும் இழந்து, 45 இல் வெறும் வாயோடு நின்றனர்.

ஆய்வாளரை ஏச நான் எழுதவில்லை. அவர்கள் வராதிருந்தாலும் அந்தப் பற்கள் விழுந்தேயிருக்கும், எண்ணுவதற்குத்தான் ஆளிருந்திராது. என் கோபம் நம்மீது. நம் மக்களின் வாயிலிருந்து எடுக்கப்பட்ட அறிவு ஆங்கிலத்தில் உலகைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளிலோ இன்னும் "சூடு, மோர் குடி" என்கிறார்கள்.

பத்திரிகைகளின் பங்கையும் சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய ஒரு நாளிதழில் (பெயர் வேண்டாம்) ஒரு வைத்தியரின் கட்டுரை அச்சுக்குப் போகுமுன், முரசைக் காப்பது பசையைவிடத் தூரிகையே என்ற வரியை விளம்பரப் பிரிவு வெட்டியது. எதிர்ப்பக்கத்தில் கால் பக்கத்துக்குப் பற்பசை விளம்பரம் இருந்தது. வெண்மையையும் நறுமணத்தையும் விற்பவர்களுக்கு முரசு ஒரு பொருட்டல்ல. பசையிலுள்ள புளோரைட் சூத்தையைத் தடுக்கும், அதை மறுக்கவில்லை. முரசின் விளிம்பில் ஒட்டிய படலத்தை அகற்றுவது தூரிகையின் உராய்வுதான்.

இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவது நாம் செய்யும் பெரிய மூடத்தனம். அங்கேதான் கூடுதலாக, மென்மையாகத் துலக்க வேண்டும். மென்னிழைத் தூரிகையை முரசின் விளிம்பை நோக்கிச் சரித்துப் பிடித்து, காலையும் படுக்கைக்கு முன்னும் இரண்டிரண்டு நிமிடம். பல்லிடுக்குக்குத் தூரிகை எட்டாது. அதற்கென்று நூலோ குட்டித் தூரிகையோ வேண்டும். உப்புநீர் இதமளிக்கும், படலத்தை அகற்றாது. கராம்பு எண்ணெய் நோவை மறைக்கும், அவ்வளவுதான். படலம் இறுகிக் காரையாகிவிட்டால் வீட்டில் எதுவும் செய்ய முடியாது, பல்வைத்தியர்தான் சுரண்ட வேண்டும். "சுரண்டினால் பல் ஆடும்" என்று அஞ்சுகிறவர்கள் பலர். பல்லைத் தாங்கிய எலும்பு முன்பே கரைந்துவிட்டதைக் காரை மறைத்து நின்றது என்பதே உண்மை. இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் இரத்தம் நிற்காவிட்டால் போய்க் காட்ட வேண்டும். நோவு வரட்டும் என்று காத்திருப்பவருக்குப் பெரும்பாலும் பல் ஆடிய பின்னரே புத்தி வரும். இந்நோய் சத்தமில்லாமல் நடப்பது.

புகைப்பவர்கள் இன்னும் ஏமாறுகிறார்கள். புகை முரசின் இரத்தக் கசிவைக் குறைத்து நோயை மூடிவிடுகிறது. இரத்தமே வரவில்லை என்று மகிழ்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. சலரோகக்காரருக்கு முரசு நோய் எளிதில் முற்றும், முற்றிய முரசு நோய் சீனியைக் கட்டுப்படுத்தவும் விடாது. நம்மிடையே சலரோகம் இல்லாத வீடு எது? மாதந்தவறாமல் சீனி பார்க்கப் போகும் கிளினிக்கில் வாயைத் திறந்து காட்டச் சொன்ன வைத்தியர் எத்தனை பேர் என்று வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

புலம்பெயர்ந்த சங்கங்கள் மலையகத்திலும் வன்னியிலும் பல்வைத்திய முகாம் நடத்துவதை அறிவேன். நல்ல காரியம். ஆனால் எத்தனை பல் பிடுங்கினோம் என்று பெருமையோடு அறிக்கை விடும் முகாமைவிட, எத்தனை பேருக்குக் காரை சுரண்டித் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தோம் என்று சொல்லும் முகாமுக்கே நான் காசு கொடுப்பேன்.

தோட்ட ஆய்வில் பங்குபற்றியவர்களை 2010 இல் மீண்டும் தேடிச் சென்று 75 பேரைப் பரிசோதித்தார்கள். அந்த 40 ஆண்டுக் கணக்கு 2017 இல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. அதன் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டுத் தோட்ட மருந்தகச் சுவர்களில் ஒட்ட யாராவது முன்வந்தால், மொழிபெயர்ப்பை நான் கூலியின்றிச் செய்து தருகிறேன்.