கதவைத் திறங்கள், தோழர்களே!

திருப்பூர் ராயபுரத்தில் வசூல் ஆட்கள் கதவைத் தட்டுகிறார்கள். ஷிப்ட் முடிந்து நாம் வீடு திரும்பும் நேரம் பார்த்துத் தட்டுகிறார்கள். கிரெடிட் கார்டு பாக்கியாம். டிவியைத் தூக்குவோம் என்கிறார்கள். பீரோவைத் தூக்குவோம் என்கிறார்கள். வண்டிச் சாவியைக் கொடு என்கிறார்கள். லைன் வீடு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார்கள். பக்கத்து வீடு தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறது.

அந்தத் தாழ்ப்பாளைத் திறங்கள்!

இந்தக் கடன் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியாதா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. பனியன் ஆர்டர் குறைந்தது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. சனிக்கிழமைச் சம்பளம் சுருங்கியது. வாடகை சுருங்கவில்லை. பள்ளிக்கூட ஃபீஸ் சுருங்கவில்லை. கார்டைத் தேய்த்தோம். அரிசிக்குத் தேய்த்தோம். மருந்துக்குத் தேய்த்தோம். மினிமம் டியூ கட்டினால் போதும் என்றார்கள், கட்டினோம். பல கார்டுகளில் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. 30-க்கு மேல் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. கட்டக் கட்ட அசல் அப்படியே நிற்கிறது.

வாங்கிய கடனை நாம் மறுக்கவில்லை. வீட்டைச் சூறையாட விடமாட்டோம். அவ்வளவுதான்.

கேளுங்கள், தோழரே. கார்டுக் கடனுக்கு ஈடு கிடையாது. நீங்கள் எதையும் அடமானம் எழுதிக் கொடுக்கவில்லை. வசூலுக்கு வரும் ஆளுக்கு உங்கள் வீட்டு டம்ளரைத் தொடக்கூட அதிகாரம் இல்லை. வங்கி கோர்ட்டுக்குப் போக வேண்டும். டிக்ரி வாங்க வேண்டும். நிறைவேற்று மனு போட வேண்டும். ஜப்தி உத்தரவோடு கோர்ட் அமீனா வர வேண்டும். அந்த அமீனாவும் பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் நுழையக் கூடாது.

அமீனாவே வந்தாலும் எல்லாவற்றையும் அள்ளிப் போக முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908. பிரிவு 60. மனப்பாடம் செய்யுங்கள். உடுத்தும் துணியைத் தொடக் கூடாது. சமையல் பாத்திரத்தைத் தொடக் கூடாது. கட்டிலை, படுக்கையைத் தொடக் கூடாது. தாலியைத் தொடக் கூடாது. கைத்தொழிலாளியின் கருவியைத் தொடக் கூடாது. வீட்டில் தைத்துப் பிழைக்கும் அக்காவின் தையல் மிஷினைத் தொடக் கூடாது. உழைப்பவர் கூலியைத் தொடக் கூடாது. பி.எஃப். பணத்தைத் தொடக் கூடாது. டிவியும் வண்டியும் இந்தப் பட்டியலில் இல்லை, உண்மைதான். அவற்றை எடுக்கவும் கோர்ட் உத்தரவு வேண்டும்.

ஜெயில் என்று மிரட்டுகிறார்களா? கட்ட வழியே இல்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பண டிக்ரிக்காகப் பெண்ணைக் கைது செய்யவே முடியாது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் ஏஜென்ட் போன் அடிக்கக் கூடாது. இது 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு.

எல்லாம் எழுத்தில் இருக்கிறது. எழுத்து நம் வாசலில் வந்து நிற்காது. நாம்தான் நிற்க வேண்டும்.

மானம் போகுமே என்று வாயை மூடுகிறோம். மூடிய வாயைப் பார்த்துத்தான் அவர்கள் சாவி கேட்கிறார்கள். இன்று ஒரு வீடு சாவியைக் கொடுத்தால், நாளை அதே ஆட்கள் அடுத்த வீட்டுக்கு வருவார்கள். மானம் போக வேண்டியது மிரட்டுகிறவர்களுக்கு!

1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. பட்டினி கிடந்து நின்றார்கள் நம் மூத்த தோழர்கள். பக்கத்து வீட்டு வாசலில் பத்து நிமிடம் நிற்க நம்மால் முடியாதா?

ஆள் வந்தால் அடையாள அட்டை கேளுங்கள். வங்கி தந்த கடிதம் கேளுங்கள். கோர்ட் உத்தரவு எங்கே என்று கேளுங்கள். செல்போனில் படம் பிடியுங்கள். உள்ளே விடாதீர்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கோர்ட் சம்மன் வந்தால் மட்டும் ஒளியாதீர்கள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிடுங்கள்.

ஒடிசா, பீகார்த் தோழர்கள் நம் லைனிலேயே இருக்கிறார்கள். மிரட்டுகிற தமிழ் அவர்களுக்குப் புரியாது. அவர்கள் வாசலுக்கு நாம் முதலில் ஓடுவோம்.

இன்று இரவே லைனில் உள்ள எல்லோருடைய போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். எந்தக் கதவு தட்டப்பட்டாலும் எல்லோரும் வெளியே வாருங்கள். ஓவர்லாக் ஓட்டுகிறவரும் வாருங்கள். செக்கிங், கைமடிக்குப் போகிறவரும் வாருங்கள். கடனே இல்லாதவரும் வாருங்கள், தோழரே!