பந்தியை விட்டு எழாதிருப்போம்

“இது சாதியைப் பேசுகிற நேரமா?” திருச்சபைக்குள் இருக்கும் தலித் இளைஞர்களின் காதில் இன்று அடிக்கடி விழுகிற கேள்வி இது. கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. 2023 மே மாதம் தொடங்கிய மணிப்பூர் வன்முறையில் தேவாலயங்கள் எரிக்கப்பட்டதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் வந்துவிட்டன. வீட்டுக்குள் கூடி ஜெபிப்பதற்கே யோசிக்க வேண்டிய நிலையில் பலர் இருக்கிறார்கள். ‘வீடே பற்றி எரியும்போது திண்ணையில் யார் உட்காருவது என்று சண்டை போடலாமா?’ என்பது அவர்கள் நியாயம்.

இந்தப் பயம் உண்மையானது. ஆனால் பயந்தவர்கள் வந்துசேரும் முடிவு தவறானது. சாதியைப் பேசுவதைத் தள்ளிவைத்துவிட்டுக் கிறிஸ்தவ விசுவாசத்தைக் காப்பாற்றிவிட முடியாது. ஏனென்றால் அந்த விசுவாசத்தின் நடுவில் இருப்பது ஒரு பந்தி.

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு பேதுரு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். யாக்கோபின் தரப்பிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். பர்னபாவும் அவர்களோடு போனார். பேதுரு அங்கே கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. ஜெபத்தை நிறுத்தவில்லை. பந்தியை விட்டு எழுந்தார், அவ்வளவுதான். அதுவே சுவிசேஷத்துக்கு முரண் என்று பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். ‘வெளியே எதிர்ப்பு இருக்கிறது, இப்போது வேண்டாம்’ என்று சொல்ல, ஒரு சிறு கூட்டமாக இருந்த அன்றைய சபைக்கு நம்மைவிட அதிகக் காரணம் இருந்தது.

கொரிந்து சபையிலும் இதே பிரச்சினைதான். வசதியுள்ளவர்கள் முதலில் தின்று குடித்து முடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் கூடிச் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று அவர்களுக்கும் பவுல் எழுதினார். அப்பமும் திராட்சரசமும் அங்கே இருக்கத்தான் செய்தன. சேர்ந்து உட்காருவதுதான் இல்லாமல் போயிருந்தது.

நம் ஊர்ச் சபைகள் எதை நடுவில் வைத்திருந்தன என்பதைக் கட்டடங்களே காட்டும். நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு ஒரே பீடம். அங்கிருந்து கால்சட்டையின் இரண்டு கால்கள்போல் இரண்டு கூடங்கள் பிரிந்து சென்றன. ஒன்று வேளாளர் தரப்புக்கு, மற்றது நாடார்களுக்கு. 1910இல் கௌசானல் அடிகளார் நடுவிலிருந்த தடுப்பை அகற்றினார். வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று போராடினார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்குத் தனித்தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் செத்தவர்களுக்கு நடுவில் சுவர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் அரசு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்த மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஆணை அப்படியே இருக்கிறது. இட ஒதுக்கீடு மட்டுமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அந்தப் பட்டியலோடு கட்டப்பட்டது. அதனால் சான்றிதழில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மதம் என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். அவர்களைக் கபடக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையின் படிப்பா, ஆண்டவரின் பெயரா என்று ஒரு தாயிடம் கேட்கிற சட்டம்தான் வெட்கப்பட வேண்டும்.

இப்படிச் சபையும் அரசும் இரண்டு பக்கமும் நெருக்கும்போது மனம் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடும். கையில் ஃபோன் இருக்கிறது. காலையில் ஒரு தாக்குதல் வீடியோ, மதியம் ஒரு கண்டன அறிக்கை, இரவில் யூடியூபில் உன் கடனும் நோயும் நாளையே தீரும் என்று ஒரு தீர்க்கதரிசி. நாள் முழுக்கக் கொதித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் நடப்பதைக் கவனிக்கத் தெம்பில்லாமல் படுக்கிறோம். இயக்கத் தோழர்களுக்கும் இது பொருந்தும். உபாகமம் ஓய்வுநாளுக்குச் சொல்கிற காரணம், நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பது. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. அடிமைக்கு ஓய்வு கிடையாது. விடுதலையானவருக்கு அது உரிமை. வாரத்தில் ஒரு நாள் ஃபோனை அணைத்துவிட்டு நாலு பேரோடு உட்கார்ந்து ஜெபிப்பதும் சாப்பிடுவதும் போராட்டத்திலிருந்து ஓடுவதாகாது.

மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கையில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த 1956 ஜனவரியில், ஒரு நள்ளிரவில் அவருக்குக் கொலைமிரட்டல் தொலைபேசியில் வந்தது. தூக்கம் வராமல் சமையலறையில் காபி போட்டு உட்கார்ந்தார். தலைமையிலிருந்து எப்படி விலகலாம் என்றுகூட யோசித்தார். அந்த மேசையில் தலைகவிழ்ந்து, என் தைரியம் போய்க்கொண்டிருக்கிறது என்று வாய்விட்டு ஜெபித்தார். நீதிக்காக நில் என்ற குரலை உள்ளத்தில் கேட்டதாகப் பின்னால் எழுதினார். சில நாட்களில் அவர் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் தப்பினார்கள். புறக்கணிப்பு நிற்கவில்லை, 381 நாட்கள் நடந்து வென்றது. 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம், இது போராடும் நேரம் இல்லை என்று சொன்ன வெள்ளை மதகுருமார்களுக்கான பதில். நாம் இன்று கேட்கும் அதே கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார்.

நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு. ‘பரட்டை அண்ணன்’ என்றால் பலருக்குத் தெரியும். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் கோலோச்சிய ஆராதனைக்குள் உழைக்கும் மக்களின் நாட்டார் மெட்டைக் கொண்டுவந்தார். அவர் இறையியலின் நடுவில் ‘ஒரு உலை’ என்ற எண்ணம் இருந்தது: ஒரே உலையில் சேர்ந்து பொங்கி, சேர்ந்து உண்பது. திருவிருந்தைச் சேரிக்குப் புரியும் பாஷையில் இதைவிட எளிமையாகச் சொல்ல முடியுமா?

‘மதத்தையே விட்டால் தீர்ந்ததே, எதற்கு இந்தப் பாடு?’ என்று சில தோழர்கள் கேட்பார்கள். மதம் மாறிய தீண்டப்படாதோரின் உலகத் துன்பங்களுக்காகத் திருச்சபை போராடவில்லை என்று அம்பேத்கர் வைத்த விமர்சனம் இன்றும் செல்லும். அதை மறுக்க வரவில்லை. ஆனால் நம் பாட்டன் பாட்டிகள் ஊர்க் கோயிலுக்குள் நுழைய முடியாத காலத்தில், தங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு கடவுளைத் தேர்ந்தெடுத்தார்கள். அது அவர்கள் எடுத்த அரசியல் முடிவு. சாதிக் கிறிஸ்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்பதற்காக அந்தப் பந்தியை அவர்களிடமே விட்டுவிட்டு எழ எனக்கு மனமில்லை.

எனவே சபையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வெளியிலிருந்து வரும் தாக்குதலை எதிர்த்து எல்லோரோடும் நில்லுங்கள். கண்டன ஊர்வலத்துக்குப் போங்கள். திரும்பி வந்ததும், உங்கள் சபையில் பாத்திரம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, கமிட்டியில் யார் இருக்கிறார்கள், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று பாருங்கள். இது நேரமா என்று கேட்டால் கோபப்படாதீர்கள். கல்லறைச் சுவரை எந்தத் தேதியில் இடிக்கலாம் என்று கேட்டு, கூட்ட நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.