கண்டெய்னர் ரயில் மாடலா? பெட்டியைப் பார்க்காதீர்கள், வேகனைப் பாருங்கள்

வடக்கே இருக்கும் நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கம் பார்க்கிறேன். பையனுக்கோ பெண்ணுக்கோ ரயில் பைத்தியம் என்று தெரிந்துவிட்டால், அமெரிக்காவிலிருந்து வரப்போகும் சித்தப்பாவிடம் ஒரு மாடல் ரயில் செட் சொல்லிவிடுவது. அவரும் பாவம், சூட்கேஸில் இடம் பண்ணி, கண்டெய்னர்களை இரண்டு அடுக்காக ஏற்றிய ரயிலாகப் பார்த்து வாங்கி வருவார். "இங்க ஓடுதே, அதே வண்டிதான்" என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

என் கட்சி என்னவென்றால், அது அதே வண்டி இல்லை. வேறு வண்டி. அந்த வேகனை வாங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

காரணத்துக்கு எஞ்சினியரிங் வேண்டாம். நான் பி.காம். கூட்டல் தெரிந்தால் போதும்.

உயரமான வகை கண்டெய்னர் ஒன்று ஒன்பதரை அடி. இரண்டு அடுக்கினால் 19 அடி. நம் ரயில்வேயில் கண்டெய்னர் ஏற்றும் பிஎல்சி வேகனின் தளம் தண்டவாளத்திலிருந்து 1009 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது சுமார் 3.3 அடி. ஆக மொத்தம் 22.3 அடி. மீட்டரில் 6.8.

அமெரிக்காவில் இரட்டை அடுக்கு ரயில்கள் போகும் பாதைகளில் கிடைக்கும் உயரம் 20 அடி சொச்சம்தான். சுரங்கமும் பாலமும் இடிக்கும். அதனால் அவர்கள் வேகனைத் தாழ்த்தினார்கள். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில் ஒரு பள்ளம் செய்து, கீழ்ப் பெட்டியை அதற்குள் இறக்கினார்கள். தண்டவாளத்துக்கு மேலே ஒரு அடி போலத்தான் பெட்டி இருக்கும். 1980-களில் அங்கே பரவிய ஏற்பாடு இது. கடைகளில் இரட்டை அடுக்கு மாடல் என்று கிடைப்பதில் பெரும்பாலானவை இந்தப் பள்ள வேகன்கள்தான்.

நாம் செய்தது நேர் எதிர். வேகனை அப்படியே விட்டுவிட்டு மின்கம்பியை உயர்த்தினோம். 2006-ல் பிபாவாவ் துறைமுகத்திலிருந்து ஜெய்ப்பூருக்கு இரட்டை அடுக்கு ரயில் ஓடியபோது அது டீசல் பாதை. மேலே கம்பியே கிடையாது. 2020 ஜூனில் பாலன்பூர் - போடாட் பகுதியில் கம்பியை 7.57 மீட்டருக்கு உயர்த்தி, மின்சார எஞ்சினோடு ஓட்டிக் காட்டினார்கள். 2021 ஜனவரி 7 அன்று மேற்கு சரக்குப் பாதையில் நியூ அட்டேலியிலிருந்து நியூ கிஷன்கட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நீள ரயிலே புறப்பட்டது. அந்தப் பாதையில் 7.1 மீட்டர் உயரம் வரை சரக்கு போகலாம். நமக்குத் தேவை 6.8. சாதாரண வேகனே போதும், பள்ளம் எதற்கு?

"பொம்மைதானே சார், இவ்வளவு கணக்கா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் பிள்ளைகள் வளர்வது மெஹ்சானாவில், புலேராவில், ரேவாரியில். மேம்பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி அவர்கள் எண்ணுவது இந்த ரயிலைத்தான். இதுதான் அவர்கள் கண்ணால் கண்ட ஊர். அதன் மாடல் என்று வேறு நாட்டு வண்டியைக் கையில் கொடுத்தால், உற்றுப் பார்க்கிற பிள்ளை ஒரு நாள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். "எல்லாம் ஒண்ணுதான் போ" என்று நாம் சொன்னால், உற்றுப் பார்ப்பது வீண் வேலை என்று கற்றுக்கொடுத்ததாக ஆகும். எனக்கு இதில்தான் வருத்தம். பணம் போனால் போகட்டும்.

இன்னொன்று, இது நம்மவர்களுக்கே உரியது. கோடை லீவில் ஊருக்குப் போகிறோம். தண்டையார்பேட்டையிலிருந்து பெங்களூர் வொயிட்ஃபீல்டுக்குப் போகும் கண்டெய்னர் ரயில் கண்ணில் படும். அதில் ஒரே அடுக்குதான். "ஏன்ப்பா நம்ம ஊர்ல மட்டும் ஒண்ணு?" என்று கேள்வி வரும். ஊர் மட்டம் என்று பிள்ளை நினைக்க வேண்டாம். அங்கே கம்பி வழக்கமான ஐந்தரை மீட்டர் வாக்கில் இருக்கிறது. இரண்டாவது பெட்டிக்கு இடமில்லை, அவ்வளவுதான். வேகன் இரண்டு இடத்திலும் அதே வகைதான். உங்களிடம் தட்டையான வேகன் மாடல் இருந்தால், மேல் பெட்டியை எடுத்துவிடுங்கள், தண்டையார்பேட்டை. திரும்ப வையுங்கள், பாலன்பூர். பள்ள வேகனில் மேல் பெட்டியை எடுத்தாலும் அது அமெரிக்காவாகத்தான் இருக்கும் :-)

சரி, எதை வாங்குவது?

முதலில் அளவு. 1:87 அளவில் 40 அடிப் பெட்டி 14 சென்டிமீட்டர். 1:160-ல் ஏழரை சென்டிமீட்டர் சொச்சம். முழு ரயிலில் 45 வேகன். 1:87-ல் பெட்டிகளை இடைவெளி விடாமல் வைத்தாலே 6.3 மீட்டர் வரும். எந்த வாடகை ஃபிளாட்டிலும் ஹால் அவ்வளவு நீளம் கிடையாது. ஆனால் நம் பிஎல்சி வேகன்கள் ஐந்து ஐந்தாகப் பிணைத்தே ஓடுகின்றன: முனையில் இரண்டு பிஎல்சிஏ, நடுவில் மூன்று பிஎல்சிபி. ஆகவே ஐந்து வாங்கினால் அது அரைகுறை ரயில் அல்ல, முறையான ஒரு தொகுதி. 1:87-ல் முக்கால் மீட்டருக்குச் சற்று மேலே. ஷெல்ஃபில் நிற்கும். மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் வாங்கும் குடும்பத்தில் ஷூ டப்பாவுக்குள்ளும் போய்விடும். பிளைவுட் பலகையில் ஆணி அடித்துப் போட்ட பெரிய லேஅவுட், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கையில் பிழைக்காது.

அடுத்து வேகனின் வடிவம். ஐரோப்பியக் கம்பெனிகளின் 60 அடி வேகன் தட்டையாகத்தான் இருக்கும், ஆனால் 40 அடிப் பெட்டி வைத்தால் 20 அடி காலியாக இளிக்கும். அங்கே 40 அடி வேகனும் உண்டு, சிலவற்றில் மொத்தம் இரண்டே அச்சு, நம்முடையதில் நான்கு. ஒரு பெட்டி நீளம், நான்கு அச்சு, தட்டையான தளம் - இந்த மூன்றும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். கிடைக்காவிட்டால் செய்துவிடுங்கள். நம் வேகனுக்கு மூடிய தளம் கிடையாது, எலும்புக்கூடு மாதிரி உத்திரங்கள்தான். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, சக்கரத் தொகுதி மட்டும் வாங்கிப் பொருத்தினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அகல ரயில் பாதை 1:87-ல் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும், கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஐந்துக்குள் கொக்கி வேண்டாம், நிஜத்திலும் நடுவே தண்டுதான். இரண்டு முனைக்கு மட்டும் கொக்கி. எடையைக் கீழே வையுங்கள். அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்குப்படி 1:87-ல் ஆறு அங்குல வேகனுக்கு நான்கு அவுன்ஸ், அதாவது 113 கிராம். அதை வேகனிலும் கீழ்ப் பெட்டியிலும் போடுங்கள். மேல் பெட்டி காலியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வளைவில் கவிழும்.

பெட்டிகளில் தாராளமாக இருக்கலாம். கண்டெய்னருக்கு நாடு கிடையாது. மெர்ஸ்க், எம்எஸ்சி எல்லாம் எல்லாத் துறைமுகத்துக்கும் வரும். இரண்டே எச்சரிக்கை. அமெரிக்க செட்டில் வரும் 53 அடிப் பெட்டி அந்தக் கண்டத்தின் உள்நாட்டுச் சரக்குக்கானது, வேண்டாம். அடுத்தது வருடம். ஒன் கம்பெனியின் மஜந்தா பெட்டி 2018-க்குப் பிறகுதான். 2006 பிபாவாவ் ரயில் செய்கிறவர் அதை வைக்கக்கூடாது.

கடைசியில் காசு. பொம்மைகளின் சுங்க வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. ஆர்டர் போடும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்து, அதையும் விலையில் சேர்த்து முடிவு செய்யுங்கள். அமெரிக்க செட்டின் பவர் பேக் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே சொருகினால் புகைதான்.

சித்தப்பா வருகிறார் என்றால் கண்டெய்னர் பெட்டிகளை மட்டும் வாங்கிவரச் சொல்லுங்கள், 20 அடியிலும் 40 அடியிலும். வேகனைப் பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களே செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு மாலை இரண்டு பேரும் மேம்பாலத்துக்குப் போய், டேப்பும் நோட்டும் இல்லாமல், வெறும் கண்ணால் ஒரு ரயிலை முழுதாகப் பாருங்கள்.